இரண்டாம் வருஷத்து ஊர்

அத்தியாயம் 17

வார்டுக்குள் ஒரு சமயத்தில் ஒருவர்தான் போகலாம். அதற்கென்று ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். நைனா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தானும் உள்ளே போகவில்லை, எங்களையும் அனுப்பவில்லை.

"குடு நைனா, நான் பார்த்துட்டு வரேன்."

"இன்னாத்த பாக்கப் போற? தூங்கினு கீறா."

ஆனாலும் அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

அம்மா தூங்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கையை யாரோ தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். வேறு யாரோ மறந்து விட்டுப்போன பொருள்போல அது அங்கே இருந்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

"பேசாதம்மா. அப்புறம் பேசலாம்," என்றேன்.

எப்போது என்று எனக்குத் தெரியாது.

கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் கூடையை இறக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள் என்பதுவரை போன வாரம் சொல்லியிருந்தேன். ஷேர் ஆட்டோக்காரர்கள்தான் தூக்கிப்போட்டுத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ரத்த அழுத்தம் ஏறி, மூளைக்குள் ஒரு குழாய் வெடித்திருக்கிறது. வெண்ணிலா அக்காவுக்குப் போன் செய்தது நான். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எந்தப் பக்கம்?"

"வலது."

"அப்ப பேச்சு போயிருக்கும்," என்றாள். அழவில்லை. நானும் அழவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. அது சரியா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவைப் பற்றி முந்தைய வாரங்களைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவளத்துக்குத் தெற்கே மேட்டுத்துறைக்குப்பத்தில் பிறந்த முதல் டாக்டர் அவள். ஆனால் கிளினிக் போடவில்லை. 'ஊசி போடாத டாக்டர்' என்று குப்பத்தில் இன்றும் கிண்டல் செய்வார்கள். அவள் செய்வது ஆராய்ச்சி. செங்கல் சூளை, கல்குவாரி, மீனவர் குப்பம் என்று யாரும் போகாத இடங்களில் போய் உட்கார்ந்து, இங்கே இருப்பவர்கள் ஏன் மற்றவர்களைவிடச் சீக்கிரம் சாகிறார்கள் என்று பார்ப்பது. அவள் கண்டுபிடித்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மருந்து இல்லாமல் யாரும் சாகவில்லை. மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆனால் அதை வாங்கப் போகும் நாளில் மீன் கெட்டுப்போகும், சூளையில் வேலைப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அதனால் மருந்துதான் வீடு தேடி நடக்க வேண்டும் என்றாள்.

அதை நிரூபிக்க ஒரு பெரிய சோதனை. பாதி ஊர்களுக்கு முதல் வருஷம் ரத்த அழுத்த மாத்திரை வாசலுக்கு வரும். மீதி ஊர்களுக்கு இரண்டாம் வருஷம் வரும். அந்த இடைப்பட்ட காலத்தில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பார்கள். எந்த ஊர் முதலில், எந்த ஊர் பிறகு என்பதைக் கம்ப்யூட்டரில் போடலாம் என்றார் அவளோடு வேலை செய்யும் ஹேமநாத் சார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னா எவனும் நம்ப மாட்டான் சார். ஆளுங்கட்சி சொல்லிச்சும்பான். எங்க ஊர்ல படகு நிறுத்தற இடத்துக்கே சண்டை வந்தா சாமி முன்னாடி சீட்டு போடுவாங்க. அப்படியே போடலாம்."

போன வருஷம் எல்லையம்மன் கோயில் முன்னால் எல்லாக் குப்பத்துப் பெரியவர்களும் கூடினார்கள். தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், மடித்த சீட்டுகள். தட்டைப் பிடித்தது எங்கள் நைனா. ஒரு சின்னப் பெண் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். எங்கள் ஊருக்கு வந்தது இரண்டாம் வருஷம். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. மக்களுடைய நம்பிக்கையை ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தவர் என்று அக்காவைப் பிறகு எங்கெங்கோ கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள்.

இன்று அதன் முடிவைச் சொல்லும் நாள். சிறுசேரியில் ஒரு கம்பெனியின் அறக்கட்டளை அரங்கத்தில், சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு முன்னால். அவர்கள் சரி என்றால் கடற்கரை முழுவதும் மாத்திரை வாசலுக்கு வரும். அதை நடத்தப்போவதும் அக்காதான்.

நான் வார்டிலிருந்து வெளியே வந்தபோது டியூட்டி டாக்டர் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். அக்காவைவிட வயதில் சின்னவர்.

"பிரஷர் மாத்திரை எடுத்துட்டு இருந்தாங்களா மேடம்?"

"ரெகுலரா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல கேப்பேன்."

"எடுத்துமா இவ்ளோ ஏறியிருக்கு?"

அக்கா மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னாள். ஏதோ முகவரி சொல்வதுபோலச் சொன்னாள். நைனா தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் போனதும் அக்கா லேப்டாப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சரிதா, நீ ஊருக்குப் போய் அம்மாவோட ஆதாரும் காப்பீட்டு அட்டையும் எடுத்துட்டு வந்துடு. ரெண்டு நைட்டியும் எடு."

"நீ இன்னைக்குப் போகத்தான் வேணுமாக்கா?"

"போகலன்னா வேற தேதி குடுப்பாங்க. அது அடுத்த பட்ஜெட்டுக்கு அப்புறம்."

"அம்மாகிட்ட சொல்லிட்டுப் போயேன்."

அவள் வார்டின் கதவைப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினாள்.

நான் பகலில் குரோம்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் பில் போடுகிறேன். மாலையில் கல்லூரி. அஸ்தினாபுரத்தில் அக்காவின் வீட்டில்தான் இருக்கிறேன். இன்று இரண்டுக்கும் விடுப்பு. வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, எவ்வளவு நாளாகிவிட்டது இந்தப் பக்கம் வந்து என்று நினைத்தேன். அதற்குமேல் எதையும் நினைக்கவில்லை.

குப்பத்தில் வெயில் வெள்ளையாக அடித்தது. பக்கத்து வீட்டு அம்மணி அக்கா வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாம்மா காலேஜு. டாக்டரம்மா வர்லியா?"

"மீட்டிங்க்கா."

"அதான பாத்தேன். அம்மா வுழுந்தாலும் மீட்டிங்கு வுழாது." சிரித்தாள். பிறகு நான் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எப்படிகீறா கன்னியம்மா?"

"கண்ணு முழிச்சிருக்கு. பேச்சு வரல."

"வாய் ஓயாம பேசினு கெடக்கும். எவன் கண்ணு பட்டுச்சோ."

வீட்டைத் திறந்து தகரப்பெட்டியில் தேடினேன். அம்மணி அக்கா கையைக் கழுவிக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள்.

"இன்னா சொல்றாங்க ஆஸ்பத்திரில?"

"பிரஷராம். மாத்திரை போட்டும் ஏறிடுச்சாம்."

"யாரு போட்டா?"

"அம்மாதான்."

நான் விளையாடுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"சீட்டு போட்டதுலேந்து இங்க எவளும் போடறதில்லயே. நம்முளுது ரெண்டாவது வருசம்ல."

நான் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"அது இல்லக்கா. வீட்டுக்கு வந்து குடுக்கறதுதான் ரெண்டாவது வருஷம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில குடுக்கற மாத்திரைய எப்பவும்போல வாங்கிப் போட்டுக்கலாம். அக்கா சொல்லியிருப்பாளே."

"சொன்னாளே. மைக்குல நல்லாதான் சொன்னா. அது மொதல்ல. அதுக்கு அப்பாலதான சீட்டு எடுத்தாங்க?"

"அதுக்கு?"

"முன்னாடி பேசினது மனுசப் பேச்சு. அப்பால அம்மன் சொல்லிச்சு, ஒனக்கு இப்ப இல்ல, அடுத்த வருசம்னு. அம்மன் இல்லன்ட்ட பொறவு எந்த ஆஸ்பத்திரி மாத்திரயா இருந்தா இன்னா? போட்டா மீறினதுதான?"

எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "இன்னாடி அங்க?"

"இந்தப் பொண்ணு கேக்குது, ஏன் மாத்திர போடலன்னு."

"மொற வரட்டும், போடுவோம். சொல்லு," என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

"மாசாமாசம் அக்கா அனுப்பற பொண்ணு வந்து பிரஷர் பாக்குமே. அதுகிட்ட சொல்லலியா?" என்று கேட்டேன்.

"மாத்திர கையில கீதான்னு கேக்கும். கீதும்போம். கீது, போடல. ஏறிகீது, ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லும். போறோம்போம்." அம்மணி அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். "எனுக்கு ஒருக்கா தல சுத்தி, கெளம்பிட்டேன். உங்கம்மாதான் கையப் புடிச்சி நிறுத்திச்சி. எம் பொண்ணு வச்ச சீட்டுடி, அவ ஊரே மீறினா நாளைக்கி அவள எவன் மதிப்பான்னு."

"நைனாவுக்குத் தெரியுமா?"

"ரங்கண்ணன் தட்டு புடிச்ச ஆளு. அவருக்குத் தெரியாமயா?"

ஆதார் அட்டை ஒரு புடவை மடிப்புக்குள் இருந்தது. காப்பீட்டு அட்டையும் அதோடு இருந்தது. இரண்டையும் பையில் வைத்தேன். நைட்டி இரண்டை மடித்து வைத்தேன். அழ வேண்டிய இடம் இதுதான் என்று தோன்றியது. வரவில்லை. அம்மணி அக்கா மறுபடி நெத்திலி ஆய உட்கார்ந்தாள்.

நேராகத் தாம்பரத்துக்குப் போயிருக்க வேண்டும். கேளம்பாக்கத்தில் இறங்கி, சிறுசேரிக்கு ஆட்டோ பிடித்தேன். போனில் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் எங்கே நின்றுகொண்டு கேட்பாள் என்று தெரியாது. போகாமலே இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். நாளைக்குச் சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அப்படி நினைத்தபோதே ஆட்டோ கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டது.

வாசலில் என் பையைத் திறந்து பார்த்தார்கள். நைட்டியைப் பார்த்துவிட்டு மூடினார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு விசிட்டர் அட்டை கொடுத்தார்கள்.

அக்காவும் ஹேமநாத் சாரும் கேன்டீனில் ஓரமாக ஒரு மேஜையில் இருந்தார்கள். அக்கா முன்னால் எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது.

"அம்மாவுக்கு என்ன?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. அம்மா மாத்திரை போடலக்கா. ஊர்ல யாருமே போடல."

உட்கார்ந்து, கேட்டதை வரிசையாகச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். அம்மா அம்மணி அக்காவின் கையைப் பிடித்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். அதையும் சொன்னேன்.

அக்கா ஸ்பூனை எடுத்துத் தட்டின் மறுபக்கம் வைத்தாள்.

"நம்ம ஊர் மட்டுமா, எல்லா ஊருமா?" என்று கேட்டாள். என்னிடம் அல்ல. போனை எடுத்து, வேறொரு இரண்டாம் வருஷக் குப்பத்தில் அவளுக்காக வேலை செய்யும் ஜான்சியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜான்சி, உங்க ஊர்ல பழைய மாத்திரைய எல்லாரும் போட்டுக்கறாங்களா? கையில இருக்கான்னு கேக்கல. முழுங்கறாங்களா?"

"அது வந்து மேடம், மொற வரலயேன்னு நிறுத்தி வச்சிக்கிறாங்க. நீங்க அப்படித்தான் சொன்னீங்கன்னு நெனச்சேன்."

"உங்க வீட்ல போடறாங்களா?"

"எங்கம்மா போடறதில்ல மேடம்."

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஹேமநாத் சார்தான் முதலில் பேசினார். மெதுவாகப் பேசினார். "அதான் கிராஃப்ல ரெண்டாம் வருஷ ஊர்களோட பிரஷர் கோடு ஏறுது. நான் குளிராலன்னு நெனச்சேன்."

"நானும்."

"வெண்ணிலா, நாம யாரையும் நிறுத்தச் சொல்லல. மைக்ல சொல்லியிருக்கோம், வீடியோ இருக்கு."

"ம்."

"நம்ம மாத்திரை வேலை செய்யுது. அதுல பொய் இல்ல. வித்தியாசம் கொஞ்சம் பெருசா தெரியுது, அவ்வளவுதான். இன்னைக்கு இதைச் சொன்னீங்கன்னா திட்டம் நின்னுடும். இன்னொரு சோதனை, இன்னொரு கமிட்டி. அதுக்குள்ள எத்தனை அம்மாங்க விழுவாங்க, நினைச்சுப் பாருங்க. இன்னைக்குச் சரின்னு வாங்கிடுவோம். நாளைக்கே ரெண்டாம் வருஷ ஊர்லயும் ஆரம்பிச்சிடலாம். அப்புறமா ஒரு குறிப்பா எழுதுவோம்."

எனக்கு அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. இப்போதும் சரியாகத்தான் படுகிறது. அதை எழுதாமல் விட்டால் நன்றாக இருக்காது.

அக்கா என்னைப் பார்த்தாள். "சாப்பிட்டியா?"

"இல்ல."

தன் தட்டை என் பக்கம் தள்ளினாள். "உள்ள வந்து பின்னாடி உட்காரு. ஏசி ஜாஸ்தியா இருக்கும்."

அரங்கத்தில் ஏசி ஜாஸ்தியாகத்தான் இருந்தது. முன்வரிசையில் சுகாதாரத் துறையிலிருந்து ஞானசௌந்தரி என்ற அதிகாரி. வெள்ளை முடி, பருத்திப் புடவை, மடியில் கைப்பை. அக்கா பேச ஆரம்பித்தாள். நன்றாகப் பேசினாள். செங்கல் சூளையில் ஒரு பெண் பிரசவம் முடிந்த கையோடு மண் மிதிக்கப் போனதைச் சொன்னாள். குவாரிக்காரர்கள் இருமலைக் காலைக்கடன் மாதிரி எடுத்துக்கொள்வதைச் சொன்னாள். எல்லாரும் கேட்டார்கள். அவள் குரல் மட்டும் வேறு எங்கிருந்தோ, பதிவு செய்து வைத்ததுபோல வந்தது. அது எனக்கு மட்டும்தான் கேட்டதா என்று தெரியவில்லை.

திரையில் இரண்டு கோடுகள் வந்தன. முதல் வருஷ ஊர்களின் பச்சைக் கோடு இறங்கியது. இரண்டாம் வருஷ ஊர்களின் சிவப்புக் கோடு ஏறியது. நடுவில் பெரிய இடைவெளி. யாரோ மெல்லக் கைதட்டினார்கள்.

அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். ஹேமநாத் சாரின் விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அப்போது கம்பெனிக்காரர்களில் ஒரு பையன் கையைத் தூக்கினான். கேள்வி கேட்க வேண்டுமே என்று கேட்டதுபோல இருந்தது.

"மேடம், பச்சை இறங்குறது புரியுது. சிவப்பு அப்படியேதான இருக்கணும்? அது ஏன் ஏறுது?"

அக்கா கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். நான் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். 'ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்' என்று சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை.

"அவங்க வழக்கமா போடற மாத்திரைய நிறுத்திட்டாங்க," என்றாள் அக்கா. "சீட்டை நான் அம்மன் கோயில்ல வச்சுப் போட்டேன். இந்த வருஷம் உங்களுக்கு இல்லன்னு அம்மனே சொன்னதா எடுத்துக்கிட்டாங்க. இது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

ஞானசௌந்தரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இந்த நம்பரெல்லாம் தப்பா டாக்டர்?"

"நம்பர் சரி மேடம். ஆனா பாதி இடைவெளி எங்க மாத்திரையால வந்தது இல்ல. என் சீட்டால வந்தது."

"இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் இன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"சொல்லிட்டீங்க. இனிமே நான் போட முடியாது." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கோபமாக இல்லை, களைப்பாகத்தான் இருந்தார். "எழுதிக் குடுங்க. கமிட்டி திரும்பக் கூடட்டும். எப்பன்னு என்னால சொல்ல முடியாது. அந்த ஊர்க்காரங்களுக்கு முதல்ல மாத்திரைய ஆரம்பிங்க. இன்னைக்கே."

"ஆரம்பிக்கறேன்."

அவள் அம்மாவைப் பற்றிச் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். சொன்னால் அவர்கள் முகம் மாறும், ஒரு தண்ணீர் பாட்டிலாவது கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று. அவள் சொல்லவில்லை. லேப்டாப்பை மூடினாள். ஹேமநாத் சார் ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, எங்களிடம் சொல்லாமல் போனார்.

திரும்பும்போது காரில் அக்கா போன் பண்ணிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு குப்பத்துக்கும். "நாளையிலேருந்து எல்லாரும் போடச் சொல்லுங்க" என்று ஒரே வாக்கியம். அந்தப் பக்கம் எல்லாரும் சரி மேடம், சரி மேடம் என்றார்கள். மாம்பாக்கம் தாண்டியபோது போனை வைத்தாள்.

"உனக்கு இன்னைக்குக் காலேஜ் இல்ல?"

"இருக்கு. போகல."

"போயிருக்கலாம்."

அவ்வளவுதான் பேசினோம்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். நர்ஸ் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். இன்று சாயங்காலம் முதல் ஊசியை நிறுத்திவிட்டு வாய்வழி மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"கஞ்சி நல்லா முழுங்கினாங்க. தண்ணி முழுங்கறாங்க. மாத்திரைய மட்டும் கரைச்சுக் குடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. நீங்க குடுத்துப் பாருங்க மேடம்."

எங்கள் இரண்டு பேரையும் உள்ளே விட்டார். நைனா கதவருகிலேயே நின்றுகொண்டார்.

அக்கா ஸ்பூனை வாங்கினாள். "அம்மா, ஆ காட்டு."

அம்மா உதட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். வலது ஓரம் கொஞ்சம் தொங்கியது. அதையும் இழுத்து மூடப் பார்த்தாள்.

"அம்மா, அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. நான் அவங்ககிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே எல்லா ஊரும் போட்டுக்கலாம். நீ போடலாம். நான்தான சொல்றேன்?"

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கி, அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். மெல்ல இறக்கினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஸ்பூனை மேஜை மேல் வைக்க வைத்தாள். வைத்தபின் அந்த மணிக்கட்டை இரண்டு தட்டுத் தட்டினாள். பரீட்சைக்குப் போகும் நாட்களில் அக்காவின் கையில் அப்படித் தட்டித்தான் அனுப்புவாள்.

அக்கா வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்தாள்.

"நீ சொன்னா ஆவாதும்மா," என்றார் நைனா. "ஒனுக்காகத்தான வுட்டா."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல நைனா?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? நிறுத்துவ. இத்தினி வருசம் அலஞ்சது போயிடும்." வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வருசம்தான, ஓட்டிடலாம்னு பாத்தேன். இப்பிடி ஆவும்னு எனுக்கு இன்னா தெரியும்."

டாக்டர் வந்து நின்றார். இங்கே இருக்கும்வரை ஊசி போடலாம், வீட்டுக்குப் போன பிறகு மாத்திரை இல்லாமல் முடியாது, இன்னொரு தடவை வெடித்தால் பிழைப்பது கஷ்டம் என்றார். அக்காவுக்குத் தெரியாதது எதையும் அவர் சொல்லவில்லை. ஆனாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அவர் போனதும் நைனாவிடம் திரும்பினாள்.

"போன்ல எல்லாரும் சரி மேடம்னாங்க."

"சொல்லுவாங்க. டாக்டரம்மாவ எதுத்துப் பேசுவாங்களா? போட மாட்டாங்க."

"அப்ப என்னதான் பண்ணணும்?"

"அம்மன்கிட்ட உத்தரவு கேக்கணும். ஊரு கூடி."

"எப்படி?"

நைனா சட்டைப்பையில் அந்த அட்டையைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு சீட்டு. ஒண்ணுல போடலாம், ஒண்ணுல வாணாம். எது வருதோ அது."

"இன்னொரு சீட்டா?"

"வேற வழி கெடயாது. அது வாக்க அதுதான் மாத்தணும்."

"வாணாம்னு வந்துட்டா?"

நைனா கீழே பார்த்தார்.

சிறுசேரியில் அவ்வளவு பேர் முன்னால் நின்றபோது மாறாத அக்காவின் முகம் இப்போது மாறியது. அதற்கு என்ன பெயர் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கணக்குப் போடுகிறவள் முகம் என்றுதான் எழுத வருகிறது.

"சீட்டை யார் எழுதுவாங்க?" என்று கேட்டாள்.

"படிச்சவ நீதான். நீ எழுது."

வார்டுக்குள் யாரோ இருமினார்கள். அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"நைனா, எடுத்த சீட்டைப் பிரிச்சுப் படிச்ச அப்புறம், தட்டுல மிச்சம் இருக்கற சீட்டை யாராச்சும் பிரிச்சுப் பார்ப்பாங்களா?"

நைனா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"மாட்டாங்க," என்றார். "அத்த அப்பிடியே கடல்ல வுட்டுருவாங்க."